மூணாவது பேப்பர்ல என்ன ஆச்சு

அந்த ஸ்டூல்ல இருக்காதே மக்கா, அதுக்க ஒரு காலு ஆடும். போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த சார் ஒருத்தரு அதுல இருந்து தடால் எண்ணு விழுந்தாரு. அதுக்குப் பொறவு இந்தத் தையல் ரூமுக்கு இன்ஸ்பெக்‌ஷனே கெடையாது. அதுனாலதான் நான் அத நன்னாக்காம வச்சிருக்கேன். இஞ்ச வா, மெசினுக்க பக்கத்துல இரி. ஒன்ன மேடம் எண்ணு கூப்பிடணுமா? எனக்க ரெண்டாவது பெண்ணுக்க வயசுதான் வரும் ஒனக்கு. மக்கா எண்ணே கூப்பிடுதேன். பாரத்துல நீ மேடம் எண்ணு எழுதிக்கோ.

தமிழு மனசிலாவுது இல்லியா? கொள்ளாம். திருவனந்தபுரத்துல இருந்து வாறவங்க எல்லாரும் பாறசாலை தாண்டினா மூக்கச் சுளிப்பாங்க. எனக்கு மலையாளமும் வரும், வராம இல்ல. ஆனா கொஞ்சம் நேரம் நின்னு நல்லா பறையணும் எண்ணா இந்தப் பேச்சுத்தான் வேணும்.

ஆங், மூணாவது பேப்பரு. அதத்தானே கேட்ட? அதுக்குத்தான் வாறேன், அவசரப்படாதே.

ஒனக்க கையில இருக்கப்பட்டது மூணு கெட்டு. எய்ட்ஸ் பாடம் எடுக்கதுக்கு முந்தி எழுதினது ஒண்ணு, ஆறு பீரியடும் முடிஞ்ச ஒடனே எழுதினது ஒண்ணு, ரெண்டு மாசம் கழிஞ்சு எழுதினது ஒண்ணு. கேள்வி மூணுலயும் ஒண்ணுதான். ஏழாவது கேள்வியப் பாரு. எய்ட்ஸ் உள்ள ஒரு வீட்டுப் பிள்ளை ஒங்கக்கூட ஒரே கிளாசுல இருந்து படிக்கலாமா? ஒன்பதாம் கிளாசுல நாப்பத்தொண்ணு பிள்ளையளு. மொத தடவ இருபத்தொம்பது பேரு இருக்கப்பிடாது எண்ணு எழுதினானுவ. ரெண்டாந்தடவ நாலே நாலு பேரு. அந்த நாலுல ஒருத்தன் கேள்வியே வாசிக்காம எழுதினவன், அவனுக்கு அது பழக்கம். மூணாந்தடவ பாரு, முப்பத்தாறு.

நீ அந்தக் கணக்குக்கு வந்திருக்க. நான் ஒரு பெஞ்சுக்காக இருக்கேன். அன்னா, ஜன்னலுப் பக்கம் இருக்கே, அது ஜிஜாவுக்க பெஞ்சு. மூணு வாரமா அவ வரல்ல. நாளைக்கு மத்தியானம் பி.டி.ஏ. கூட்டம் வச்சு அவளுக்க டி.சி.ய எழுதிக் குடுத்துரலாம் எண்ணு இருக்கானுவ. அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய பெண்ணு. எனக்கு அவ திரும்பி வந்து அந்த பெஞ்சுல இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

நான் எப்பிடி இந்தப் பாடத்துல வந்து மாட்டினேன் எண்ணு கேளு. இது நியாயமா ஜெயச்சந்திரன் சார் எடுக்க வேண்டியது. அவரு பயாலஜி. தவளைக்கு எப்பிடிக் குஞ்சு உண்டாவுது எண்ணு ஒரு புள்ளி விடாம படம் போட்டுச் சொல்லுவாரு. மனுஷன் எண்ணு வந்தா மட்டும், இத வீட்டுல போய் வாசிச்சுக்கிடுங்க எண்ணு பக்கத்தத் திருப்பிருவாரு. எய்ட்ஸ் பாடம் எண்ணு கடிதாசி வந்த அன்னைக்கு அவருக்கு இடுப்புல நடுவு வலி வந்தது. அந்த வலி ட்ரெயினிங் ரெண்டு நாளும் இருந்தது, பாடம் எடுத்த ஆறு பீரியடும் இருந்தது. ஓணப் போட்டியில வடம் இழுத்தாரு கேட்டியா, அப்ப இல்ல.

பொறவு மலையாளம் டீச்சருக்க கிட்ட கேட்டாங்க. அவ இன்னும் கல்யாணம் ஆவாதவ, அழுதுட்டா. கடைசியில எச்.எம். இந்த ரூமுக்கு வந்தாரு. ஆனந்தபாய் டீச்சருக்குப் பீரியடு கொறவுதானே எண்ணாரு. அதாக்கும் எனக்க யோக்கியத. வயசு அம்பது, பீரியடு கொறவு, நாணம் இல்ல.

நெய்யாற்றின்கரையில ரெண்டு நாளு ட்ரெயினிங். ஒரு டாக்டர் வந்தாரு, நல்ல மனுஷன். ஆனா பாடம் முழுக்க மேல கறங்குத ஃபேனப் பாத்தே எடுத்தாரு. அந்த ஃபேனுக்கு இப்ப எய்ட்ஸ் பத்தி எல்லாம் தெரியும். மத்தியானத்துக்கு மேல ஒரு பெண்ணு வந்து, எல்லாரும் ஆணுறை எண்ணு சத்தமாச் சொல்லணும், சொன்னாத்தான் நாணம் போவும் எண்ணா. நாப்பது டீச்சருமாரு. பாட்டு தெரியாதவன் சபையில வாய அசைப்பான் பாரு, அது போல அசைச்சுக்கிட்டு இருந்தானுவ. நான் மட்டும் சத்தமாச் சொன்னேன். ஹாலு முழுக்கக் கேட்டுது. வெளிய சோறு பொதி கொண்டு வந்தவன் எட்டிப் பாத்தான்.

சிரிக்காதே. நீயும் அப்பிடித்தான் ட்ரெயினிங் குடுப்ப, எனக்குத் தெரியும்.

புஸ்தகம் மலையாளத்துல வந்தது. நம்மளுக்கு இது தமிழ் டிவிஷன். எங்கப் பிள்ளையளு ரெண்டும் வாசிக்கும், அது ஒரு கொறவு இல்ல. ஆனா புஸ்தகத்துல இருக்கப்பட்ட மலையாளம் செக்ரட்டரியேட்டு மலையாளம். ஒரு பக்கம் வாசிச்சேன். பயலுவ ஒறக்கம் தூங்கத் தொடங்கிட்டானுவ. மூடி வச்சேன். எனக்கு மூணு பிள்ளையளு உண்டு, மூணும் நான் சபையில ஜெபிச்சதுனால மட்டும் வந்ததில்ல எண்ணு பறஞ்சேன். ஒறங்கினவனும் முழிச்சுக்கிட்டான். அதுக்குப் பொறவு ஆறு பீரியடும் ஒரு பயலும் ஒறங்கல்ல மக்கா. அத நீ எழுதிக்கோ. அந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள போதகருக்க வீட்டுக்குப் போய்ச் சேந்துது. போதகரம்மா என்னப் பாத்து ஒரு வாரம் வாய் தொறந்து மிண்டல்ல. அத எழுதாதே.

நீ பயலுவளுக்க கேள்வியக் கேட்டிருக்கணும். ஷைஜு எண்ணு ஒருத்தன் உண்டு, கிளாசுல வாலு. கொசு கடிச்சா வருமா? வராது. அட்டை கடிச்சா? வராது. அப்ப எங்க சித்தப்பன் கடிச்சா? அவனுக்க சித்தப்பன் கள்ளு குடிச்சா கடிப்பானாம். நான் புஸ்தகத்தப் பாத்தேன், சித்தப்பன் அதுல இல்ல. அப்பிடியே ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணா இருந்தா வராது, ஒண்ணாச் சாப்பிட்டா வராது, கையப் பிடிச்சா வராது. பயப்பட வேண்டியதுக்குப் பேடிக்கணும், பேடிக்க வேண்டாத்ததுக்குப் பேடிக்கப்பிடாது. இதுதான் மொத்தப் பாடமும்.

நாலாவது பீரியடுல ஒரு குளறுபடி ஆச்சு. ரெத்தம் பட்ட கூரான சாமானம் ஒண்ணையும் பங்கு வைக்கப்பிடாது எண்ணு புஸ்தகத்துல உண்டு. சவரம் செய்யுத பிளேடு, காது குத்துத சாமானம் எண்ணு படம் போட்டிருக்கு. நானும் சொன்னேன். அடுத்த நாளு தையல் பீரியடு. இந்த மெத்தையில குத்தி வச்சிருக்கே, பன்னிரண்டு ஊசி, நாப்பத்தொண்ணு பேருக்கும் அதுதான். பயலுவளுக்கும் நான் பட்டன் தைக்கப் படிப்பிப்பேன். ஒருத்தனும் ஊசியத் தொடல்ல. டீச்சரே, இது போன வாரம் இவனுக்க விரலுல குத்தின ஊசியாக்கும் எண்ணு ஷைஜு எழும்பி நிக்கான். நாப்பத்தொண்ணு பேரும் கையக் கட்டிக்கிட்டு இருக்கான்.

என்ன செய்ய? ஊசி பன்னிரண்டையும் எடுத்துட்டுப் போனேன், பிள்ளையளுக்கு மத்தியானம் ஆக்குத கஞ்சிப் புரைக்கு. பயறு வேவிக்கப்பட்ட கலத்துல போட்டு அவிச்சேன். அங்க சமையலுக்கு நிக்கப்பட்டவ ஸ்ரீகுமாரி. அவ வந்து பாத்தா, பயறு இல்ல, ஊசி கொதிக்குது. அன்னைக்கு அவ என்ன விளிச்ச பேரு ஒண்ணும் எனக்க அம்மை இட்டது இல்ல. பொறவு நானே களியக்காவிளைச் சந்தையில போயி நாப்பத்தொண்ணு ஊசி வாங்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். அவனவனுக்க ஊசிக்கு அவனவன் ஒரு நூலு கெட்டி அடையாளம் வச்சான். பேடி போச்சு. தையலும் நடந்தது.

இது ஆகஸ்டு. ரெண்டாவது பேப்பர எழுதினதும் அப்பத்தான். நாலு பேரு.

ஓணத்துக்குத்தான் விஜயதாஸ் வந்தான். ஜிஜாவுக்க அப்பன். பம்பாயில வெல்டிங் வேலை, வருஷத்துக்கு ஒருக்க வருவான், வந்தா பயலுவளுக்கு எல்லாம் முட்டாயி வாங்கிக் குடுப்பான். இந்தத் தடவ வந்தது பாதி ஆளு. ஆஸ்பத்திரியில போட்டாங்க, ரெத்தம் எடுத்தாங்க, என்ன எண்ணு வீட்டுக்காரி ஜெஸிக்குத் தெரியதுக்கு முந்தி செங்கல் ஊரு வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. அவனுக்கு எப்பிடி வந்தது எண்ணு நீ கேக்கல்ல, நல்லது. அது ஒனக்க பாரத்துலயும் இல்ல, எனக்கும் அறிய வேண்டாம்.

நான் நெனச்சேன், ஸ்கூல் தொறந்தா தீர்ந்தது, இந்தப் பெண்ண இருக்க விடமாட்டானுவ எண்ணு. தொறந்த அன்னைக்கு மத்தியானம் ஜிஜா தனியா ஒரு மூலையில இருந்து டிபன் பாத்திரத்தத் தொறந்தா. மரச்சீனிக் கிழங்கு அவிச்சதும் மீன் கறியும். இந்த ஷைஜு, வெளங்காத பயலு, நேரே போயி ஒரு துண்டு மரச்சீனிய எடுத்து மீன் கறியில முக்கி வாயில போட்டான். நாலு பக்கமும் திரும்பி நாக்க நீட்டிக் காட்டினான். எலே, நான் சாவல்ல, டீச்சர் பறஞ்சது செரியாக்கும் எண்ணான். பொறவு என்ன, அஞ்சு பத்துப் பேரு கை போட்டான். அந்தப் பெண்ணுக்குச் சாப்பிட ஒண்ணும் மிச்சம் இல்ல. நான் எனக்க சோத்துல பாதி குடுத்தேன்.

மக்கா, எனக்கு அன்னைக்கு உண்டான சந்தோஷம், எனக்க மூத்த பெண்ணு பாஸானப்பகூட உண்டாகல்ல. நான் படிப்பிச்ச பாடம் கண்ணு முன்னால நடந்து போவுது. பட்டன் தைக்கச் சொல்லிக் குடுத்து இருபத்திமூணு வருஷம், ஒரு பயலும் பட்டன் முழுசா உள்ள சட்டையப் போட்டு வந்ததில்ல. இது மட்டும் மண்டையில கேறிச்சு.

பின்ன இடையில என்ன ஆச்சா? அதத்தானே பறஞ்சுக்கிட்டு இருக்கேன். எழுதிக்கோ. ஒண்ணு, செய்திப் பத்திரத்துல எலும்பும் தோலுமா படம் போட்டு என்னமோ எழுதினான், அத வாசிச்சு ஆளுக பேடிச்சுப் போச்சு. ரெண்டு, இந்தத் தங்கையன், பி.டி.ஏ. பிரசிடெண்டு. டீக்கடையில இருந்து, இண்ணைக்கு ஒருத்தி நாளைக்கு ஒம்பது பேரு எண்ணு கணக்குச் சொன்னான். மூணு, எச்.எம். அவரு நல்லவருதான், ஆனா எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் தலை ஆடும்.

என்ன? பயலுவ பத்திரம் வாசிப்பானுவளா எண்ணா? இல்ல. ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும்தான். தங்கையனுக்க சொந்த மகன் இதே கிளாசுல உண்டு, அவன் அப்பன் சொல்லி எதையும் கேட்டதில்ல. ஆமா, மரச்சீனிக்குக் கை போட்டவன்ல அவனும் உண்டு. கொள்ளாம் மக்கா, நீ விவரம் உள்ளவ. எழுதினத வெட்டிரு. மூணையும் வெட்டு.

கட்டஞ்சாயா குடிக்கியா? வேண்டாமா? செரி.

இந்த ரூமுல எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல் எண்ணா விரலுல குத்தும். குத்தின ஒடனே பிள்ளை விரல நீட்டிக்கிட்டு எனக்க மேசைக்கு ஓடி வரும். நான் அந்த விரலப் பிடிச்சு எனக்க வாயில வச்சு ஒரு உறிஞ்சு, பொறவு சேலைத் தும்பால ஒரு அமுக்கு. போ, போயி தையி. அவ்வளவுதான் வைத்தியம். இந்த ஊருல எனக்க வாயில வராத்த விரலு கொறவு. ஷைஜுவுக்க அம்மை விரலும் வந்திருக்கு.

அது செரியில்லதான், எனக்குத் தெரியும். ஒருத்தருக்க ரெத்தத்த வெறுங்கையில தொடப்பிடாது எண்ணு நானே படிப்பிச்சேன். ஆனா பழக்கம் விடுமா? செப்டம்பருல ரெண்டு பிள்ளையளுக்குக் குத்திச்சு. எனக்க கை தன்னால போச்சு, தன்னால வாயில வச்சுது. கிளாசு முழுக்கச் சிரிச்சான். டீச்சரே பாடம், பாடம் எண்ணு விளிச்சான்.

அக்டோபர் எட்டாம் தேதி, வியாழாச்ச. தலையணை உறையில பூ போடச் சொல்லியிருந்தேன். ஜிஜாவுக்குக் கை நல்ல கை, எனக்க கையவிட நல்ல கை. பெருவிரலுல ஊசி குத்திட்டுது. நல்ல ஆழம். அவளும் எழும்பினா, எல்லாப் பிள்ளையளும் வாறது போலத்தான் வந்தா, விரல நீட்டிக்கிட்டு. ஒரு துளி ரெத்தம் உருண்டு நிக்குது.

எனக்க கை போச்சு. பிடிக்கதுக்குத்தான் போச்சு. பாதி வழியில நிண்ணுது. பொறவு திரும்பி வந்து எனக்க மடியில இருந்துது.

மோளே, பைப்புல போய் நல்லா கழுவிக்கோ எண்ணு பறஞ்சேன்.

நல்ல உபதேசம் இல்லியா? புஸ்தகத்துல அப்பிடித்தான் உண்டு. நீ வந்து பரீட்சை வச்சிருந்தா எனக்கு முழு மார்க்கு. ஆனா செப்டம்பருல வேற பிள்ளையளுக்கு நான் என்ன செஞ்சேன் எண்ணு நாப்பது பேருக்கும் தெரியும். ஒருத்தனும் சிரிக்கல்ல. அவ விரல மடக்கிக்கிட்டு வெளிய போனா. போனவ திரும்பி வந்து பாத்தப்ப அந்த பெஞ்சுல அவளுக்க பை மட்டும் இருந்துது. பக்கத்துல இருந்த ரெண்டு பெண்ணுங்களும் வேற பெஞ்சுக்கு மாறி இருந்துட்டாளுவ. ஷைஜு தலையக் குனிஞ்சு பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தான். அவன் அவ்வளவு ஒழுங்காத் தைச்சு நான் பாத்ததே இல்ல.

அடுத்த வாரம் நீங்க மூணாவது பேப்பரக் குடுத்திய. முப்பத்தாறு.

அவளுக்கு நோய் இல்ல மக்கா. ஜெஸி அந்த டெஸ்ட் சீட்ட எனக்கிட்டக் கொண்டு வந்து காட்டினா, கண்ணாடி போட்டு வாசிச்சேன். நெகட்டிவ். அது எனக்குச் செப்டம்பருலயே தெரியும். தெரிஞ்சிருந்தும் கையப் பின்னால வலிச்சு இழுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவ வீட்டுக்குப் போனேன். விஜயதாஸ் உள்ள கெடந்து இருமுதான். அவ எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டா. போட்டுட்டு நடைவாசல்ல போயி நிண்ணா, ரெண்டு கையையும் பின்னால கெட்டிக்கிட்டு. ஸ்கூலுக்கு வா மோளே எண்ணேன். ஒண்ணா இருந்தா வராது, ஒண்ணாச் சாப்பிட்டா வராது, கையப் பிடிச்சா வராது எண்ணு வேத வசனம் போல எல்லாத்தையும் ஒப்பிச்சா. ஒரு தப்பு இல்ல. பொறவு கேக்கா, அப்ப எதுக்கு டீச்சரே கையப் பின்னால வலிச்சிய?

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ரெத்தம் பட்டா தண்ணியில கழுவுததுதான் நல்லது எண்ணு அந்த நாற்காலியில இருந்து நாலாவது பீரியட மறுபடி எடுத்தேன். பதினாலு வயசுப் பெண்ணுக்க முன்னால. வெக்கம் கெட்டவ நான். அவ முழுசும் கேட்டா. கேட்டுட்டு, எனக்குப் பதிலு பறையாண்டாம் டீச்சரே, கிளாசுல பறையுங்க, பறஞ்சா நான் வாறேன் எண்ணா.

ஒனக்க பாரத்துல ஏழாவது கேள்விக்குக் கீழ கொஞ்சம் இடம் கெடக்கே. அதுல எழுது. பிள்ளையளு பாடத்த நல்லாப் படிச்சுது. பொறவு டீச்சரப் பாத்து வேற ஒண்ணு படிச்சுது. பேரு ஆனந்தபாய், தையல்.

பி.டி.ஏ. மத்தியானம்தான். நாளைக்குக் காலையில மொத பீரியடு எனக்க பீரியடு. ஜிஜா வாசலுல வந்து நிப்பா. நாப்பது பேருக்க மொகத்தையும் பாத்து, பேடிச்சது நானாக்கும், பாடத்துல ஒரு தப்பும் இல்ல எண்ணு பறையணும். இவ்வளவுதான், ஒரு வரி. வீட்டுல கண்ணாடியப் பாத்துப் பறஞ்சு பாத்தேன் மக்கா, மூணு நாளா, வாயில வரல்ல. ஆணுறை எண்ணு ஹாலு முழுக்கக் கேக்கச் சொன்ன வாயாக்கும் இது. அதான் ஒன்னப் பிடிச்சு இருத்தி இவ்வளவு நேரம் வளவளா எண்ணு பேசினேன். ஒரு ஆளுக்க மொகத்தப் பாத்துப் பறைய முடியுமா எண்ணு பாக்கத்தான். முடியுது, இல்லியா?